மழை பெய்தாலும் எரிநட்சத்திரங்களை எண்ணலாம்

டிசம்பர் 14ஐ ஒட்டிய இரவு. பாய், போர்வை, நோட்டுப் புத்தகம் எல்லாம் தயார். எட்டு மணிக்கு இடி முழங்குகிறது. கொட்டு கொட்டென்று மழை. ஆண்டின் மிகச் சிறந்த எரிநட்சத்திரப் பொழிவுகளில் ஒன்றான ஜெமினிட், மலேசியாவில் வடகிழக்குப் பருவமழையின் நடுவில்தான் வந்து சேருகிறது!

உடனே படுக்கப் போய்விடாதீர்கள், மாணவர்களே. ஜெமினிட்கள் மிதுன நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமிருந்து வருவதுபோல் தோன்றும். அது நமக்கு இரவு 9 மணி வாக்கில்தான் எழும். அதிகாலை 3 மணியளவில்தான் வானில் உயரத்துக்கு வரும். மேற்குக்கரையில் மாலை மழை பல நாள்களில் நள்ளிரவுக்குள் ஓய்ந்துவிடும். எனவே, அலாரத்தை 2 மணிக்கு வையுங்கள். நாள் கணக்கில் மழை பெய்யும் கிளந்தான், திரங்கானு மாணவர்களுக்கு இந்த யோசனை அவ்வளவாக உதவாதுதான்.

மேகம் கொஞ்சம் விலகினாலும் எண்ணத் தொடங்கலாம். ஆனால், வானில் எத்தனை விழுக்காடு மேகம் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காடு மறைந்திருக்கும்போது 12 எரிநட்சத்திரங்களைக் கண்டால், 12ஐ 0.8ஆல் வகுங்கள். மேகம் இல்லாதிருந்தால் சுமார் 15 தெரிந்திருக்கும். வானம் முழுக்க மூடிவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்க முடியாதே!

அப்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய இடிமேகத்தின் தலைகூட ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். எரிநட்சத்திரமோ 100 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்த துகள் அது. பெரும்பாலும் மணல் அளவுதான். அது எரியும்போது அணுக்களிலிருந்து மின்னணுக்கள் பிய்ந்து, மின்னூட்டம் கொண்ட ஒரு தடம் உண்டாகிறது. பண்பலை வானொலி அலைகள் அந்தத் தடத்தில் பட்டுத் திரும்பும். மேகமும் மழையும் அவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

அப்பாவிடம் கேட்டு, நிறுத்தி வைத்திருக்கும் காரில் அவரோடு உட்காருங்கள். உலோகக் கூரையுள்ள கார், மின்னல் நேரத்தில் திறந்த வெளியைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. சன்னலை மட்டும் மூடி வையுங்கள். அருகில் எந்த நிலையமும் ஒலிபரப்பாத, ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்று ஒலிபரப்பும் அலைவரிசை வேண்டும். ஜகார்த்தா, ஹோ சி மின் நகர நிலையங்களின் பட்டியலைப் பகலிலேயே தேடி வையுங்கள். கோலாலம்பூரில் காலியான இடம் கிடைப்பது சிரமம். புறநகரில் பொறுமையாகத் தேடினால் அகப்படலாம்.

'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு நடுவே திடீரென்று பாட்டின் ஒரு துண்டு அல்லது புரியாத மொழியில் ஒரு சொல் கேட்கும். அரை நொடியில் மறைந்தும் விடும். நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு கோடு போடுங்கள். பல நொடிகள் ஏறி இறங்கி ஒலித்தால் சந்தேகப்படுங்கள். விமானத்தில் பட்டு வந்த எதிரொலியாக இருக்கலாம். அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.