ஸ்டே கம்பியில் ஒரு பீங்கான் முட்டை

விருத்தாசலம் பீங்கான் என்றதும் அகல் விளக்கும் பிள்ளையார் பொம்மையும் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வூர்ச் சூளைகளில் மின்சாரச் சாமான்களும் வெந்து வெளிவருகின்றன. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்கிறதே பியூஸ் கட்டை, அதுவும் இந்த வகைதான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. அதன் மேல் கிடக்கும் வெள்ளைக் களிமண், மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கானாகிறது.

மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பல கம்பிகளில் முட்டை வடிவப் பீங்கான் ஒன்று இருக்கும். தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அதை வைக்க வேண்டும். மேலே மின்கம்பி அறுந்து ஸ்டே மீது பட்டாலும், கரண்ட் முட்டையைத் தாண்டிக் கீழே இறங்காது. இரண்டு பக்கக் கம்பிகளும் ஒன்றுக்குள் ஒன்று வளையமாகக் கோத்திருப்பதால், பீங்கான் நொறுங்கினாலும் கம்பி அறுந்து விழாது. ஆபத்தும் அதில்தான். காப்பு போனது தெரியாமல் கம்பி மட்டும் விறைப்பாக நிற்கும். அதில்தான் ஆட்டைக் கட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம். ஈரத் தரையில் கசியும் மின்சாரம் முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்கும்போது, வழியில் இருப்பது நெஞ்சு. நம்மைவிட நாலுகால் உயிர் சீக்கிரம் விழுவது இதனால்தான். முட்டை உடைந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு, 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நம் நம்பிக்கை முழுக்கப் பியூஸ் மேல். 5 ஆம்பியர் பியூஸ் வயரைக் காக்கும், வீடு தீப்பிடிக்காமல் காக்கும். உயிரைப் பறிக்கவோ 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். பியூஸ் அசையக்கூட அசையாது. இதில் செம்பு இழையை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டும் வழக்கம் வேறு! வாஷிங் மெஷினிலோ மோட்டாரிலோ கசிவு இருந்தால், ஈரத்தில் படுத்திருக்கும் நாய்க்குத் துணை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான்தான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு மாறுபட்டாலே நொடிக்குள் துண்டித்துவிடும். செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கும் பிடிபடாத ஒன்று உண்டு. பல் முளைக்கும் நாய்க்குட்டி, பிளக்கிலிருந்து வரும் வயரைக் கடிக்கையில் பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே வாயில் சேர்ந்துவிடலாம். போனது அப்படியே திரும்பிவிடுவதால் கருவிக்குக் கசிவே தெரியாது. ஆகவே குட்டி இருக்கும் வீட்டில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவி வையுங்கள். தொங்கும் வயர்களைக் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

அடிபட்டுவிட்டால் பதறிப்போய்த் தூக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். குட்டி எழுந்து வாலாட்டினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்புண் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்து, சிலசமயம் மறுநாள்தான், மூச்சிரைப்பாக வெளிப்படும்.