ஸ்கேன் அறைக்குள் நம் குழந்தை

கரியாஹாட், லேக் மார்க்கெட் பக்கம் ஸ்கேன் எடுக்கும் நிலையங்களுக்குக் குறைவில்லை. பெரியவர்களுக்கு அது அரை நாள் அலைச்சல், அவ்வளவே. ஆட்டிசம், வலிப்பு, செரிபிரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் போன்றவை உள்ள குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கோ அது பெரும் சோதனை. குழந்தை அசைந்தால் படம் மங்கிவிடும். மங்கினால் மறுபடி செலவு, சில சமயம் மறுபடி மயக்க மருந்து. நாலு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்துவிட்டாலோ, அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தை மிரண்டு நின்றுவிடும். இதைத் தவிர்க்கும் வழி பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கேன் எதைக் கண்டுபிடிக்க?" ஆட்டிசத்தை எந்த ஸ்கேனும் காட்டாது. குழந்தையின் பேச்சு, பழக்கம், விளையாட்டு இவற்றைக் கவனித்தே அதைக் கண்டறிகிறார்கள். வலிப்பு போன்ற வேறு காரணம் இருந்தால்தான் மூளைப் படம் தேவைப்படும். மூளை முடக்குவாதத்தில் நிலைமை வேறு. மூளையில் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். மேலும், இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும் அபாயம் உண்டு. அதனால்தான் இடுப்பு எக்ஸ்ரேயைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். ஆகவே முதல் அனுபவம் நல்லபடியாக அமைவது மிக முக்கியம்.

எக்ஸ்ரே நொடியில் முடியும். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்கள். இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு என்பதால் கர்ப்பிணித் தாய் உடன் நிற்கக் கூடாது, வேறு ஒருவர் நிற்கட்டும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். மூளைப் படத்துக்கு 20 முதல் 45 நிமிடம் வரை குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வேண்டும். சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம் விட்டு விட்டு வரும். தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரு கருவி பொருத்துவார்கள்.

வீட்டில் செய்யும் ஒத்திகை

குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போர்வை விரித்து, மேலே இன்னொரு போர்வையைத் தொங்கவிட்டால் 'குகை' தயார். குழந்தையை மல்லாந்து படுக்க வைத்துச் சிலை விளையாட்டு ஆடுங்கள். முதல் நாள் 10 எண்ணும் வரை, பிறகு 1 நிமிடம், பிறகு 5 நிமிடம். முகத்துக்கு மேல் காய்கறி வடிகட்டும் பிளாஸ்டிக் கூடையைச் சற்று நேரம் பிடித்தால் அந்தக் கூண்டும் பழகிவிடும். எவர்சில்வர் பாத்திரத்தை மெதுவாகத் தட்டத் தொடங்கி, சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். குழந்தை முகம் சுளித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பேசாத குழந்தைக்குப் படங்களே பேச்சு. கார், ஸ்கேன் அறை, படுக்கை, காதடைப்பான், பிறகு அதற்குப் பிடித்த தின்பண்டம் என்று ஐந்தாறு படங்களை வரிசையாக ஒட்டித் தினமும் காட்டுங்கள். முடிவு எங்கே என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல், மொழி. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தையிடம் டெக்னீஷியன் அன்போடு 'பொய் நேயி' என்பார். பயமில்லை என்று பொருள். 'ஷுயே தாக்கோ' என்றால் அப்படியே படுத்திரு. தமிழ்க் காதுக்கு ஒன்று பொய்யாகவும் மற்றது தாக்குதலாகவும் கேட்டால் வியப்பில்லை! இந்த வார்த்தைகளையும், அசையாதே எனப் பொருள்படும் 'நொர்பே நா'வையும் ஒத்திகையிலேயே பழக்குங்கள். அல்லது 'ஆடாதே', 'ஆச்சு' என்ற சொற்களைத் தாளில் வங்காள எழுத்தில் எழுதி டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

எம்.ஆர்.ஐ. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். கொலுசு, தாயத்து, வெள்ளி அரைஞாண், ஊக்கு, ஹேர்பின், ஜரிகை வைத்த பாவாடை எதுவும் உள்ளே போகக் கூடாது. சக்கர நாற்காலி, காலில் அணியும் காலிப்பர், காது கேட்கும் கருவி ஆகியவையும் வெளியே நிற்க வேண்டும். தலையில் நீர் வடிய ஷண்ட் குழாயோ, காதுக்குள் காக்ளியர் கருவியோ பொருத்தியிருந்தால், தேதி குறிக்கும்போதே அதன் அட்டையைக் காட்டுங்கள். சில ஷண்ட் வால்வுகளின் அளவு காந்தத்தால் மாறிவிடும். ஸ்கேன் முடிந்ததும் சரிபார்க்க வேண்டும்.

எவ்வளவு பழக்கியும் முடியாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மயக்க மருந்து தருவதில் தவறேதும் இல்லை. பொதுவாக 6 மணி நேரம் முன்பே உணவும் பசும்பாலும், 4 மணி நேரம் முன்பே தாய்ப்பாலும், 2 மணி நேரம் முன்பே தண்ணீரும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கே இறுதியானது. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மீதமிருக்கும் தூக்க மருந்தைக் கொடுத்து அழைத்துப் போவது ஆபத்து. விழுங்கச் சிரமப்படும் குழந்தை, குறட்டை விடும் குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்கம் முழுதும் தெளியும் வரை எதுவும் ஊட்ட வேண்டாம். சில மாதக் கைக்குழந்தைக்கு மருந்தே வேண்டியிராது. பாலூட்டி, துணியில் இதமாகச் சுற்றித் தூங்க வைத்தே பல இடங்களில் படம் எடுக்கிறார்கள்.

காலையில் முதல் முறையைக் கேட்டு வாங்குங்கள். பட்டினி நேரம் குறையும், காத்திருப்பும் குறையும். பூஜைக்கு முந்தைய வாரங்களிலும் சைத்ர மாதத் தள்ளுபடி விற்பனையின்போதும் கரியாஹாட் மாலைக் கூட்டத்தைத் தாண்டி வரும் குழந்தை, ஸ்கேன் அறைக்கு வருமுன்பே களைத்துவிடும்.

உதவி கேட்க இடங்களும் உண்டு. 1974-ல் சுதா கௌல் முதலியோர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, இன்று இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிபிரல் பால்சி என்ற பெயரில் தாராத்தலா சாலையில் இயங்குகிறது. படப் பலகை வழியாகப் பேசும் முறையில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது.

இவற்றோடு, வங்காளம் நன்கு தெரிந்த சங்க அன்பர் ஒருவர் அன்று காலை உடன் சென்றால், தாயார் முழு நேரமும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.