முன்னோர் தூதாய் வரும் காக்கை

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாள்களில் நீத்தார் கடன் ஆற்றும் இந்துப் பெருமக்கள், தாம் உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். காக்கை வந்து அலகு வைத்த பின்னரே வீட்டார் இலை விரிப்பர். அது வாராவிடில், முன்னோர்க்கு ஏதேனும் மனக்குறை உண்டோ என்று உள்ளம் கலங்குவர்.

சமய மரபில்

சனீசுவர பகவானின் வாகனம் காக்கை. விநாயகப் பெருமான் காக்கை வடிவெடுத்து அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்த்தமையால் காவிரி பெருகினாள் என்பது புராணம். யுகங்கள் பல கண்ட ஞானியாக யோகவாசிட்டம் போற்றும் புசுண்டரும் காக்கை வடிவினரே. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையைப் பாடிய சங்கப் புலவர் நச்செள்ளையார், காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். இனத்தை அழைத்து உண்ணும் அதன் பண்பை வள்ளுவப் பெருந்தகை 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார்.

ஆய்வாளர் கண்டவை

காக்கையின் நுண்ணறிவை இன்றைய அறிவியலும் மெய்ப்பித்துள்ளது. 2002இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 'பெட்டி' என்னும் நியூ கலிடோனியக் காக்கை, நேரான கம்பியைத் தானே கொக்கியாக வளைத்து, குழாயினுள் இருந்த உணவுச் சிறுவாளியைத் தூக்கி எடுத்தது. காக்கையின் உறவினமான 'ரூக்' பறவைகள், குழாயில் கற்களை இட்டு நீரை உயர்த்தி, மிதந்த புழுவைக் கவ்வியது 2009இல் வெளியிடப்பட்டது. சிறுவர் கதையில் வரும் தாகமெடுத்த காக்கை வெறும் கற்பனையன்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பேராசிரியர் ஜான் மார்ஸ்லப் குழுவினர், 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து விடுவித்தனர். அதன்பின் அம்முகமூடியோடு யார் நடந்தாலும் அவை கூடிக் கரைந்து ஏசின. பிடிபடாத காக்கைகளும், பின்னர்ப் பிறந்த குஞ்சுகளுங்கூட அம்முகத்தைப் பகையாக அறிந்துகொண்டன. பத்தாண்டு கடந்தும் அந்நினைவு மறையவில்லை.

இத்துணை அறிவுடைய காக்கையே குயிலின் முட்டையைத் தன் முட்டையென்று அடைகாத்துக் குஞ்சுக்கு இரையூட்டுகிறது!

கடல் கடந்த பறவை

இங்கு நாம் காணும் வீட்டுக்காக்கை இம்மண்ணுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டப் பணிக்குத் தமிழர் கப்பலேறி வந்த அதே காலத்தில் காக்கையும் வந்து, பின்னர்ச் சிங்கப்பூரிலும் நிலைத்தது.

சட்டமும் சடங்கும்

இன்று சிங்கப்பூரில் காக்கைக்குச் சோறிடுவது குற்றமாகும். 2020 ஜூன் 1ஆம் நாள் முதல், வனவிலங்குச் சட்டத்தின்கீழ், காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவிடுவோர்க்கு முதன்முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் புரிவோர்க்கு 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கப்படலாம்.

சடங்கை நெஞ்சாரப் போற்றும் முதியோர்க்கு இது வருத்தம் தருவது இயல்பே. எனினும், எளிதாய்க் கிடைக்கும் உணவால் காக்கைகள் பெருகுகின்றன. கூட்டில் குஞ்சுள்ள வேளையில் வழிப்போக்கரைத் தாக்குகின்றன. அதன்பின் கூடுகள் அகற்றப்படுகின்றன. காக்கைகளும் பொறிவைத்துப் பிடிக்கப்படுகின்றன. அன்போடு இட்ட சோறே அப்பறவைக்கு இடராய் முடிகிறது.

எள்ளும் நீரும் இறைத்துச் செய்யும் தர்ப்பணத்திற்கு எத்தடையும் இல்லை. காக்கைக்கென எடுத்த ஒரு பிடி அரிசியை ஆலய அன்னதானத்திற்கு அளித்தால், அது பசித்த ஒருவரின் இலையைச் சேரும். பகிர்ந்து உண்ணுதல் என்பதே காக்கை நமக்குக் கற்பித்த பாடம். வரும் அமாவாசை நாள்களில் பக்தப் பெருமக்கள் இதனைச் சிந்தையிற் கொள்வார்களாயின், முன்னோரும் மகிழ்வர், காக்கையும் வாழும்.