ஸ்பிரிங்கால் ஆகாத வேலை

மகாராஷ்டிராவில் வாழும் நம் சங்க அன்பர்களில் பலர் ஹிங்கோலி மாவட்டத்து அவுண்டா நாகநாதரைத் தரிசித்து வந்திருப்பீர்கள். அந்த ஊருக்கு அருகில்தான் 'லைகோ இந்தியா' என்னும் ஈர்ப்பலை ஆய்வுக்கூடம் அமையவிருக்கிறது. சுமார் 2,600 கோடி ரூபாய்த் திட்டம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் வானியல் பெருமையை விஞ்ஞானிகள் எழுதட்டும். கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் போகியும் ஸ்பிரிங்குமாகக் காலம் கழித்த எனக்கு வேறொரு விஷயம்தான் சுவாரஸ்யம். நிலத்தின் நடுக்கம் அந்தக் கருவியைத் தொடாமல் எப்படிக் காக்கிறார்கள்?

அமெரிக்காவில் லைகோ கூடங்கள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரு கைகள். அவற்றின் கோடியில் தொங்கும் கண்ணாடிகள், ஒரு புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் தெரிய வேண்டும். லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஆரம்ப வருஷங்களில் பகலில் கருவியை ஒழுங்காக ஓட்டவே முடியவில்லை. சுற்றிலும் பைன் காடு, மரம் வெட்டும் வேலை. போதாததற்குப் பக்கத்தில் சரக்கு ரயில். (ரயில்காரனான எனக்கு இதைப் படித்தபோது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது!)

ஸ்பிரிங் வைத்தால் தீராதா என்று கேட்பீர்கள். தீராது. ஸ்பிரிங்குக்கும் அது தாங்கும் பாரத்துக்கும் தக்கபடி ஒரு சொந்தத் தாளம் உண்டு. நம் ரயில் பெட்டிக்கு அது வினாடிக்கு ஒன்று, ஒன்றரை ஆட்டம். அதைவிட வேகமான அதிர்வை ஸ்பிரிங் விழுங்கிவிடும். மெதுவான ஆட்டத்தை அப்படியே மேலே அனுப்பும். தாளம் ஒத்துப்போனாலோ பெருக்கியே காட்டும். அதை அடக்கத்தான் பெட்டிகளில் எண்ணெய் டாம்பர் போடுகிறோம்.

தாளத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை மிருதுவாக்க வேண்டும். வில்லங்கமே அங்கேதான். வினாடிக்கு ஓர் ஆட்டம் என்றால், பாரம் ஏற்றியதும் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கும். பத்து வினாடிக்கு ஓர் ஆட்டம் என்றால் 25 மீட்டர்! எட்டு மாடி உயரம். எந்த ஸ்டோர்ஸில் போய் இப்படி ஒரு ஸ்பிரிங் கேட்பது? ஆனால் லைகோவுக்கு இந்த மெதுவான ஆட்டமும் பெரும் தொல்லை. கடல் அலைகள் ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை நிலத்தை ஓயாமல் ஆட்டுகின்றன. கடலே தெரியாத உள்நாட்டு ஊர்களிலும் அது உண்டு.

ஆகவே ஸ்பிரிங்கோடு மின்னணு மூளையையும் சேர்த்தார்கள். ஓடும் வண்டியில் காபி டம்ளரோடு நடப்பவரைக் கவனியுங்கள். கண் விளிம்பையே பார்த்திருக்கும். பெட்டி குலுங்கினால் கை எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுக்கும். இங்கே சீஸ்மோமீட்டர்தான் கண். தளம் அசைந்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எதிர்த்திசையில் தள்ளச் சொல்கிறது. மிச்ச அசைவை மறுபடி அளக்கிறது, மறுபடி திருத்துகிறது. இதுவே ஃபீட்பேக். லிவிங்ஸ்டனில் 2004 வாக்கில் இதற்கென ஹைட்ராலிக் கைகளைப் பொருத்திய பிறகுதான் பகலிலும் வேலை நடந்தது. பின்னர் அதன்மேல் இன்னும் இரண்டு அடுக்குத் தளம், அதிலிருந்து நான்கு அடுக்கு ஊசல், அதன் நுனியில் 40 கிலோ கண்ணாடி. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பிடிபட்டது இந்த ஏற்பாட்டில்தான்.

கட்டளை தாமதமானால் காரியம் கெடும். ஊஞ்சலை நேரம் தவறித் தள்ளினால் நிற்க வேண்டியது வீச்சு கூடிவிடுமே, அதைப் போல.

இன்னொரு சிக்கல் ரயில்காரர்களுக்குப் பழக்கமானது. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி 'கேன்ட்' கொடுக்கிறோம். சரியாகக் கொடுத்தால் பக்கவாட்டு இழுப்பு உடம்புக்குத் தெரியாது. சாய்வு, இழுப்பு இரண்டையும் உடம்பால் பிரித்தறிய முடியாது என்பதே காரணம். சீஸ்மோமீட்டரும் அப்படியே ஏமாறுகிறது. தரை லேசாகச் சாய்ந்தாலே, நகர்ந்துவிட்டதாகப் பொய் சொல்லும். மூளை அதை நம்பி இல்லாத அசைவைத் திருத்தக் கிளம்பும். வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் பலத்த காற்று கட்டடத்தை அழுத்தித் தரையைச் சாய்க்கிறது. அந்தச் சாய்வை மட்டும் அளக்கத் தனிக் கருவி வைத்திருக்கிறார்கள்.

இதே தத்துவம் நம் துறைக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் 2011இல் ஓடத் தொடங்கிய ஈ5 ஷின்கான்சென் வண்டியில், பக்கவாட்டு ஆட்டத்தை எதிர்த்துத் தள்ளும் இத்தகைய அமைப்பு எல்லாப் பெட்டிகளிலும் உண்டு.

அவுண்டாவுக்கு வரப்போவது, ஹான்ஃபோர்டில் இரண்டாவதாக நிறுவ எண்ணித் தயாரித்த கருவித் தொகுதி. இத்தனை மின்னணுக் கைகள் இருந்தும், இடம் தேடியவர்கள் முதலில் பார்த்தது நிலம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைத்தான்.