சுருளைக் காக்கும் வலிமை

மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளில் காந்தப்புலம் தோன்றும். அப்புலம், தன்னைத் தோற்றுவித்த சுருளின் மீதே விசையைச் செலுத்தி, அதனை வெளிநோக்கி விரிக்க முனையும். புலம் இருமடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் காந்தங்களின் புலவலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா ஆகும். ஆய்வுக்கூடங்கள் எட்ட விரும்பிய 100 டெஸ்லா புலத்திலோ, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 40,000 மடங்கு அழுத்தம் எழுகிறது. உறுதிமிக்க எஃகும் இதன்முன் நெகிழ்ந்துவிடும்.

இத்தகைய புலத்திற்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் கம்பி உருகிவிடும். எனவே, ஒரு நொடியின் சிறு பகுதியளவே அது துடிப்பாகச் செலுத்தப்படுகிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் பியோத்தர் கபிட்சா, நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே நீடித்த துடிப்பினால் 30 டெஸ்லா அளவிலான புலத்தை உருவாக்கினார். துடிப்பின் குறுமை வெப்பத்தைக் கட்டுப்படுத்தியது. விசையைத் தாங்குவதோ கட்டமைப்பின் பொறுப்பாயிற்று.

இங்கே பொறியாளர்கள் ஒரு முரண்பாட்டைச் சந்தித்தனர். தூய தாமிரம் மின்சாரத்தை நன்கு கடத்தும், ஆனால் மென்மையானது. எஃகு வலியது, ஆனால் நன்கு கடத்தாது. ஆகவே, மிக நுண்ணிய நியோபிய இழைகளைத் தாமிரத்தினுள் பொதிந்து, கடத்துதிறனும் வலிமையும் இணைந்த கம்பியை உருவாக்கினர். திரவ நைட்ரஜனில் குளிர்விக்கும்போது அதன் மின்தடை மேலும் குறைகிறது.

கம்பி மட்டும் போதாது. சுருள் முழுவதற்கும் வெளியே தடித்த உறை ஒன்றை இட்டால், அது சுமையை ஏற்கும் முன்னரே உட்சுற்றுகள் சிதைந்துவிடக்கூடும். எனவே, கம்பியின் ஒவ்வோர் அடுக்கின் மீதும் சைலான் போன்ற வலிய இழைகள் இறுகச் சுற்றப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்கின் விசையையும் அதனதன் காப்பே தாங்குகிறது. ஒருவர் தோளில் அழுந்தும் சுமையைப் பலர் பகிர்ந்து சுமப்பது போன்றது இது.

2012 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், சுருள் சிதையாமலே 100.75 டெஸ்லா புலம் எட்டப்பட்டது. சுருள் நிலைத்தால்தான் உள்ளிருக்கும் ஆய்வுப்பொருளும் பிழைக்கும். அளவீட்டை மீண்டும் செய்து சரிபார்க்கவும் இயலும். எனினும், ஒவ்வொரு துடிப்பும் உலோகத்தைச் சிறிது களைப்படையச் செய்கிறது. ஆதலால் எந்தச் சுருளின் ஆயுளும் எல்லைக்குட்பட்டதே. அவ்வெல்லையை நீட்டிப்பதே இத்துறைப் பொறியாளரின் ஓயாத பணியாகும்.