நாவதிர்வு

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் துளைக்கருவி மனிதனின் மூச்சையே தன் உயிராகக் கொண்டது. ஆதலின், அதனை இசைப்பவனுடைய இதழும் நாவும் தொண்டையும் அக்கருவியின் உறுப்புகளே ஆகிவிடுகின்றன. இவ்வுண்மையை நன்கு விளக்குவது, மேலைநாட்டுக் குழலாகிய ஓபோவில் பயிலப்படும் நாவதிர்வு என்னும் முறையாகும்.

ஓபோ, 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சு நாட்டில் உருப்பெற்றது. அதற்கு முன்னர் ஐரோப்பாவில் ஷாம் என்னும் குழல் வழக்கில் இருந்தது. திறந்த வெளியில் முழங்குவதற்கு ஏற்ற அக்குழலைத் திருத்தி, அரங்கினுள் இனிமையாக ஒலிக்குமாறு அமைத்தனர் பிரெஞ்சுக் கலைஞர். இன்றைய ஓபோ ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் செய்யப்படுவது. அதன் உட்டுளை மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும். வாய் வைத்து ஊதும் இடத்தில் சீவாளி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இவ்விரு இயல்புகளாலும் அது நம் நாகசுரத்திற்கு உறவுடையது எனலாம்.

ஓபோவின் சீவாளி, நாணல் வகையைச் சார்ந்த ஒரு தண்டினின்றும் செய்யப்படுகிறது. மெல்லியதாகச் சீவிய இரண்டு தகடுகளை எதிரெதிரே வைத்து நூலால் கட்டுவர். தகடுகளின் நுனியில் மிக நுண்ணிய பிளவு ஒன்று இருக்கும். இசைப்பவர் தம் இதழ்களைப் பற்களின்மேல் மடித்து, அவற்றிடையே சீவாளியைப் பற்றி ஊதுவார். மூச்சின் அழுத்தத்தால் அத்தகடுகள் விரைந்து திறந்து மூடும். மேலைநாட்டு இசைக்குழுவினர் தம் கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும்பொழுது, ஓபோ எழுப்பும் ஒரு சுரத்தையே அளவாகக் கொள்வர். அச்சுரம் ஒலிக்கையில் சீவாளி விநாடிக்கு ஏறத்தாழ 440 முறை அதிர்கின்றது.

சுரத்தைத் தொடங்கவும் பிரிக்கவும் பயன்படுவது நாக்கு. நாகசுரக் கலைஞர் இதனைத் துத்துகாரம் என்பர். ஓபோ இசைப்பவரும் நாவின் நுனியால் சீவாளியைத் தொட்டு விடுத்துச் சுரங்களைத் தெளிவாகப் பிரிக்கின்றார். நாவதிர்வு இதனின்றும் வேறானது. இதில் நாக்கு ஒருமுறை தொட்டு விடுவதில்லை. சுரம் ஒலிக்குங்காலம் முழுவதும் இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கும். ஜெர்மானியர் இதனைப் படபடக்கும் நாக்கு என்னும் பொருள்படத் தம் மொழியில் பிளாட்டர்சுங்கெ என்று வழங்குகின்றனர். நாக்கு விநாடிக்கு ஏறத்தாழ 25 முறை துடிக்க, மூச்சும் அதற்கேற்பத் தடைப்பட்டுத் தடைப்பட்டுச் செல்கின்றது. சீவாளியின் விரைந்த அதிர்வு சுரமாகவும், நாவின் மெதுவான அதிர்வு அச்சுரத்தின்மேல் எழும் கரகரப்பாகவும் செவிக்குப் புலனாகின்றன.

இம்முறையைச் செய்ய வழிகள் இரண்டு உள. ரகரம், நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடுவதால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் கூறியுள்ளார். அவ்வாறே நுனிநாவை அண்ணத்தின் அருகே நெகிழ வைத்து, ரகர ஒலியை நீட்டி உருட்டுவது ஒரு வழி. பாரிசு நகரத்தாரும் ஜெர்மானியருள் பலரும் தம் ரகரத்தை நுனிநாவால் ஒலிப்பதில்லை. அடிநாவை உயர்த்தி, உள்நாக்கின் அருகிலிருந்து ஒலிக்கின்றனர். அவ்விடத்தை மூச்சால் அதிரச் செய்வது மற்றொரு வழி. நீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்கும்பொழுது எழும் ஒலியை நினைவுகூர்ந்தால் இஃது எளிதில் விளங்கும். இளமையில் பேசிப் பழகிய மொழி, பிற்காலத்தில் குழல் பயிலும் நாவிற்கும் வழி காட்டுவது வியத்தற்குரியது.

புல்லாங்குழலில் நாவதிர்வைக் கற்பது அத்துணைக் கடினமன்று. ஓபோவிலோ அஃது அரிய செயலாகும். இதற்குக் காரணங்கள் இரண்டு. புல்லாங்குழலின் எப்பகுதியும் வாயினுள் செல்வதில்லை. ஆதலின் நாக்கு தடையின்றித் துடிக்க இயலும். ஓபோவின் சீவாளியோ வாயினுள் புகுந்து, நாவின் நுனிக்கு உரிய இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. இஃது ஒன்று. நாவைத் துடிக்கச் செய்வது தசையின் வலிமையன்று; பாய்ந்து செல்லும் காற்றே ஆகும். காற்றில் கொடி படபடப்பது போன்றது அது. ஆனால், சீவாளியின் நுண்ணிய பிளவு வழியே மிகச் சிறிதளவு காற்றே செல்லும். ஓபோ இசைப்பவர் மூச்சுப் போதாமல் வருந்துவது குறைவு. உள்ளே தங்கிவிட்ட பழைய மூச்சை வெளியிட முடியாமல் வருந்துவதே மிகுதி. காற்றின் அழுத்தம் மிகுந்தும் ஓட்டம் குறைந்தும் இருப்பதால், நாவை அதிரச் செய்வது கடினமாகின்றது. இஃது இரண்டாவது காரணம்.

ஆகவே, ஓபோ பயில்வோருள் பலர் தொண்டை வழியையே மேற்கொள்கின்றனர். முதற்கண் குழலைத் தொடாமலே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். சிறிதளவு நீரைக் கொப்பளித்து, அதிரும் இடத்தை உணர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் நீரின்றியே அவ்வதிர்வை எழுப்பிப் பழக வேண்டும். அடுத்து, குழலினின்றும் கழற்றிய சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதி, அதனுடன் அதிர்வைச் சேர்க்க முயல வேண்டும். அது கைவந்த பின்னரே சீவாளியைக் குழலில் பொருத்துதல் தகும். மிக மேலும் மிகக் கீழும் செல்லாமல் இடைநிலைச் சுரம் ஒன்றைத் தேர்ந்து, முதலில் அதனை அதிர்வின்றி ஊத வேண்டும். பிறகு அதிர்வைக் கலக்க வேண்டும். மீண்டும் அதிர்வை நீக்க வேண்டும். இம்மூன்று நிலையிலும் சுருதி மாறாதிருப்பின் பயிற்சி நேரிய வழியில் செல்கிறது என்று அறியலாம்.

தொடக்கத்தில் சுரம் அறவே நின்றுவிடுதலும், அதிர்வு தோன்றியவுடன் மறைதலும் இயல்பே. அதனைக் கண்டு அஞ்சி இதழ்களை இறுக்கிக் கடிப்போர் பலர். கடித்தால் சீவாளியின் பிளவு மேலும் குறுகும், காற்றோட்டம் குன்றும், அதிர்வு முற்றிலும் அழியும். வலிமையைக் கூட்டக் கூட்டப் பயன் குறைவது இப்பயிற்சியின் தனி இயல்பாகும். இதழ்கள் உறுதியாய் நிற்க, தொண்டை நெகிழ்ந்திருத்தல் வேண்டும். ஒரே வாயில் ஓர் உறுப்பு இறுகியும் மற்றோர் உறுப்பு தளர்ந்தும் இருக்குமாறு பழக்குவதே இக்கலையின் உயிர்நிலை. நாள்தோறும் சில நிமிடங்கள் பயின்றாலே போதும். தொண்டை வருந்தினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இத்துணை முயற்சியும் எதன் பொருட்டு என வினவலாம். ஜெர்மானிய இசைப்புலவர் ரிச்சர்டு ஸ்டிராஸ் 1897இல் இயற்றிய ‘டான் கிகோட்டே’ என்னும் படைப்பில், ஆட்டு மந்தையைப் பகைவர் படை என மயங்கும் வீரனின் கதை இசையால் சொல்லப்படுகின்றது. அங்கே ஆடுகளின் கத்தலை ஊதுகருவிகள் நாவதிர்வால் எழுப்பிக் காட்டுகின்றன. இனிய சுரங்களால் மட்டும் அக்காட்சியை அத்துணை உயிர்ப்புடன் தீட்ட இயலுமா? 20ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தைச் சார்ந்த ஹைன்ஸ் ஹாலிகர் போன்ற வல்லுநர், ஓபோவில் அதுகாறும் கேளாத ஒலிகள் பலவற்றைத் தேடிக் கண்டனர். அவருக்கென இத்தாலிய இசைப்புலவர் லூசியானோ பெரியோ 1969இல் ஒரு தனி இசைப்படைப்பே இயற்றினார். கரகரப்பும் நடுக்கமும்கூட இசையின் பொருளாயின. அச்சத்தையும் சினத்தையும் நகைப்பையும் கூறவல்ல புதிய சொற்கள் குழலுக்குக் கிடைத்தன.

எனினும், நேரிய சுரத்தை நன்கு பயின்றவனுக்கே நாவதிர்வு அழகு தரும். நிலைத்த சுரம் இல்லாதவன் எழுப்பும் அதிர்வு வெறும் இரைச்சலாய் முடியும். பல நாள் பொறுமையுடன் பயின்றவன் ஒருநாள் மூச்சை இயல்பாக விடுக்கும்பொழுது, தேடித் தேடிக் கிட்டாத அதிர்வு தானே வந்து சுரத்தில் அமர்கின்றது. உறுதி வேண்டிய இடத்தில் உறுதியும், நெகிழ்வு வேண்டிய இடத்தில் நெகிழ்வும் கொள்ளுதலே கலைஞர்க்கு அழகு. குழல் பயில்வோர்க்கேயன்றி, எக்கலையைக் கற்போர்க்கும் இது பொருந்தும்.