உங்களுக்குத் தெரியுமா? மெட்டு தெரியும், பேர் தெரியாது!

டைட்டில் ஓடும்போது நாம் சீட் நம்பர் தேடிக்கொண்டிருப்போம். அதற்குள் 'இசை' என்று ஒரு பேர் வந்து போய்விடும். பெங்களூரிலும் அக்கம்பக்கத்திலும் எடுத்த படங்களிலும் கன்னடப் படங்களிலும், நம் காதுக்குப் பழகியும் பேர் பழகாதவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களில் சிலர் இதோ.

பக்கத்துப் பக்கத்துப் பாறைகள்
'ஷோலே' (1975) கப்பர் சிங்கின் கூடாரம் இருந்தது பெங்களூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி, ராமநகரத்துப் பாறைகளில். இசை ஆர்.டி.பர்மன். படத்தில் அமிதாப் ஊதும் மவுத் ஆர்கனை நிஜத்தில் வாசித்தவர் பானு குப்தா. சில வருஷம் கழித்து டேவிட் லீன் அதே வட்டாரத்துக்கு, சாவனதுர்காவுக்கு, 'எ பாஸேஜ் டு இந்தியா' (1984) எடுக்க வந்தார். அந்தப் படத்தின் பின்னணி இசைக்காக மாரிஸ் ஜார் ஆஸ்கர் வாங்கினார். அவர் வாங்கிய 3 ஆஸ்கரும் லீன் படங்களுக்குத்தான்!

பேசாத படம், பேசிய இசை
கமல்ஹாசன் நடித்து, சிங்கீதம் சீனிவாசராவ் பெங்களூரில் எடுத்த 'புஷ்பக விமானா' (1987) தமிழில் 'பேசும் படம்' ஆனது. படத்தில் ஒரு வரி வசனம் கிடையாது. அப்படியென்றால் ரீரெக்கார்டிங் செய்பவருக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு? அதைச் சுமந்தவர் எல்.வைத்தியநாதன்.

ஒரு காட்சியைக் கவனியுங்கள். சினிமா தியேட்டர் ஒட்டிய லாட்ஜ் அறையில் தினமும் சத்தத்துக்கு நடுவே தூங்கிப் பழகியவன் நாயகன். நட்சத்திர ஓட்டலின் மெத்தையில் படுத்தால் தூக்கமே வரவில்லை. பழைய இடத்துக்குப் போய்த் தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து, ஓடவிட்டுத் தூங்குகிறான். வசனமே இல்லாமல் ஒரு ஏழையின் வாழ்க்கை முழுக்கக் காதில் விழுந்துவிடுகிறது. எங்கே இசை வேண்டாம் என்று தெரிவதும் இசையமைப்பாளரின் வேலைதான்.

மால்குடிக்கும் அவரே
தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்கள் அதன் முகப்பு இசையை இன்றும் முணுமுணுப்பார்கள். சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த அந்தத் தொடருக்கும் இசை எல்.வைத்தியநாதன்தான். வயலின் மேதைகள் எல்.சுப்ரமணியம், எல்.சங்கர் இருவருக்கும் அண்ணன். கன்னடத்தில் சி.அஸ்வத்தோடு சேர்ந்து 'அஸ்வத்-வைத்தி' என்ற பேரிலும் இசையமைத்தார். அந்த அஸ்வத், பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக்கு மெட்டுப் போட்டவர்.

ராஜா கிடார் வாசித்த இடம்
'அன்னக்கிளி' (1976) வருவதற்கு முன் இளையராஜா கிடாரும் கையுமாக உதவியாளராக இருந்தது ஜி.கே.வெங்கடேஷிடம். கன்னட நடிகர் ராஜ்குமாரின் 'பங்காரத மனுஷ்யா' (1972) வெங்கடேஷ் இசைதான். பெங்களூர் கெம்பேகௌடா சாலை ஸ்டேட்ஸ் தியேட்டரில் அந்தப் படம் 2 வருஷம் ஓடியது.

ராஜ்குமாருக்கு பிஸ்மில்லா கான்
நம்மூரில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) சிவாஜிக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்தார்கள் அல்லவா? கன்னடத்தில் 'சனாதி அப்பண்ணா' (1977) படத்தில் ராஜ்குமார் ஷெனாய்க் கலைஞர். அவருக்காக ஷெனாய் வாசித்தவர் சாட்சாத் உஸ்தாத் பிஸ்மில்லா கான்! இசை ஜி.கே.வெங்கடேஷ்.

சரோத் வாசித்த இங்கிலீஷ் வாத்தியார்
யு.ஆர்.அனந்தமூர்த்தியின் நாவலை வைத்து எடுத்த 'சம்ஸ்காரா' (1970) முதலில் சென்சாரில் மாட்டி, பிறகு தேசிய அளவில் சிறந்த படமானது. இசை, பெங்களூரில் பிறந்த சரோத் கலைஞர் ராஜீவ் தாராநாத். அலி அக்பர் கானின் சீடர். ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியரும்கூட. அரவிந்தனின் மலையாளப் படம் 'காஞ்சன சீதா'வுக்கும் இவர்தான் இசை.

அடுத்தடுத்து 2 விருது
பி.வி.காரந்த் என்றால் நாடகம் நினைவுக்கு வரும். பெங்களூரின் 'பெனகா' நாடகக் குழுவை உருவாக்கியவர். ஆனால் இசைக்கான தேசிய விருதை 1976-ல் 'ரிஷ்ய ச்ருங்கா'வுக்கும், 1977-ல் கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்தா'வுக்கும் வரிசையாக வாங்கியவரும் அவரே.

பாலசந்தருக்கும் அடூருக்கும்
புட்டண்ணா கனகலின் 'நாகரஹாவு' (1972) பாடல்களால் கன்னடர்களைக் கட்டிப்போட்டவர் விஜயபாஸ்கர். ரஜினி நடித்த பாலசந்தரின் 'தப்புத் தாளங்கள்' (1978) இவர் இசைதான். பாட்டே இல்லாத படங்களை எடுத்த அடூர் கோபாலகிருஷ்ணனும் 'மதிலுகள்', 'விதேயன்', 'கதாபுருஷன்' படங்களின் பின்னணி இசைக்கு இவரையே கூப்பிட்டார்.

பாலுமகேந்திராவின் முதல் படம்
'கோகிலா' (1977) கன்னடப் படம். கமல், ஷோபா நடிக்க, 'மைக்' மோகன் அறிமுகமானது இதில்தான். இசை வங்காளத்து சலீல் சௌத்ரி. 'அழியாத கோலங்கள்' படத்துக்கும் அவரே. அப்புறம் பெங்களூரைக் கதைக்களமாக்கி பாலுமகேந்திரா எடுத்த 'மூடுபனி' (1980), இளையராஜாவின் 100-வது படம்.

விளம்பரத்தில் வந்த மெட்டு
மணிரத்னத்தின் முதல் படமும் கன்னடம்தான்: 'பல்லவி அனுபல்லவி' (1983). பாலுமகேந்திரா கேமரா, இளையராஜா இசை, நாயகன் அனில் கபூர். படம் வந்து பல வருஷம் கழித்து அதன் இசைத் துணுக்கு ஐடியா செல்போன் விளம்பரத்தில் ஏறி நாடு முழுக்க ஒலித்தது. சங்கர் நாகின் 'கீதா' (1981) படத்துக்கு ராஜா போட்ட டூயட் மெட்டோ தமிழில் 'நூறாவது நாள்', இந்தியில் 'சீனி கம்' (2007) என்று மூன்று மொழி பார்த்துவிட்டது. பெங்களூர் பஸ்ஸில் யாராவது அதை விசிலடித்தால், எந்த மொழிப் பாட்டு என்று சண்டைக்குப் போகாதீர்கள்; மூன்றும் சரி!